நின்றபின் சொட்டுவது

எஞ்சினை நிறுத்திய பிறகு கார்புரேட்டரிலிருந்து விழும் ஓரிரு சொட்டுப் பெட்ரோலை இயல்பு என்று விட்டுவிடலாமா என்ற கேள்வியில் எனக்கு இன்னும் மனம் அமையவில்லை. கேட்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே படாது. எழுபது வயதைத் தாண்டிய டிராக்டர், அதுவும் புல் வெட்டவும் பனி ஒதுக்கவும் மட்டும் வெளியே வருவது, கொஞ்சம் சொட்டினால் என்ன? இங்கே மிச்சிகனின் கிராமச் சாலைகளில் போனால் பழைய களஞ்சியங்களின் நிழலில் இன்றும் ஃபோர்டு 8N கண்ணில் படும். சிவந்த வயிறு, சாம்பல் வெளிறிய மேல்மூடி, பின்னால் இரண்டு பெரிய சக்கரங்கள். 1947 முதல் 1952 வரை டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க் ஆலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி. பக்கத்துப் பண்ணைப் பெரியவரிடம் இருப்பதும் அதில் ஒன்றுதான். அவருடைய தகப்பனார் வாங்கியது. அது நிற்கும் இடத்தில், எஞ்சினின் ஒரு பக்கத்துக்கு நேர் கீழே, மண் கறுத்து இறுகிக் கிடக்கிறது. களஞ்சியத்தின் கதவைத் திறந்ததும் வைக்கோல் வாசனைக்கு முன்னால் பெட்ரோல் நெடிதான் வந்து நிற்கும். “எல்லா 8N-ம் கொஞ்சம் சொட்டும்” என்று அவர் சொல்கிறார். பொய்யில்லை. அந்தக் ‘கொஞ்சம்’ எங்கே முடிகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருக்கிறது. பழுது என்று தெரிந்துவிட்டால் கழற்றிப் பார்க்கலாம். இயல்பு என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாகப் போய்விடலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும்போது மனிதன் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: பழகிக்கொள்கிறான்.

அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த எஞ்சினில் கார்புரேட்டர் மேலே உட்கார்ந்திருப்பதில்லை. பக்கவாட்டில், மேனிஃபோல்டுக்குக் கீழே தொங்குகிறது. காற்று கீழிருந்து மேலே ஏறுகிறது. ஏறும் வேகத்தில் நடுவிலுள்ள குறுகலான தொண்டையில் அழுத்தம் குறைய, அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாயிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத் தூவலாகிறது. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ பதினைந்து பங்கு காற்று. காற்றுதான் அந்தத் தூவலைச் சுமந்துகொண்டு மேலே போகிறது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினால் காற்று அந்தக் கணமே நின்றுவிடும். சுமக்கப்பட்டுக்கொண்டிருந்த பெட்ரோலுக்குப் போக்கிடமில்லை. குழாய்ச் சுவரில் ஒட்டி, வழிந்து, வந்த வழியே கீழே இறங்குகிறது. இறங்கினால் எங்கே போய்ச் சேரும் என்பதை வடிவமைத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். காற்று நுழையும் வளைவின் அடிப்பகுதியில் ஒரு சிறு ஓட்டை. தூசு உள்ளே போகாதபடி வலைபோன்ற அடைப்பு; ஈரம் மட்டும் வெளியேறும். ஆகவே அந்த இடத்தில் சொட்டுவது உடைந்து போனதன் அடையாளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சொட்டுவதற்காகவே வைத்த வாய் அது. குளிர்காலக் காலையில் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அழுத்தினால் அதே ஓட்டை வழியாக இன்னும் நாலைந்து சொட்டு விழும். அதுவும் கணக்கில் உள்ளதே. ஆனால் இதே வாய்தான் பழுதுக்கும் வாய். மிதவை அறையில் அளவுக்கு மேல் நிரம்பிய பெட்ரோலும் அந்தச் சிறு குழாய் வழியே வழிந்து, அதே வளைவில் விழுந்து, அதே ஓட்டையில்தான் எட்டிப்பார்க்கும். நோயும் ஆரோக்கியமும் ஒரே இடத்தில், ஒரே நிறத்தில், ஒரே வாசனையோடு வெளிப்படுவதால் வந்த குழப்பம் இது.

பிரித்தறிய ஒரே வழி காலம். எங்கே சொட்டுகிறது என்பதை விட எப்போது சொட்டுகிறது என்று கேட்க வேண்டும். நிறுத்தியதும் விழுந்து, பிறகு ஓய்ந்துவிட்டால் ஒரு கதை. பெட்ரோல் டேப் திறந்திருக்கும்வரை, எஞ்சின் ஓடாதபோதும், நிதானமாக விழுந்துகொண்டே இருந்தால் வேறு கதை. இதற்குக் காத்திருக்க வேண்டும். பழுதுபார்ப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் காத்திருத்தலைத்தான் தவிர்க்கிறார்கள். கையில் ஸ்பானர் வந்துவிட்டால் சும்மா நிற்பது எல்லோருக்கும் கடினம். கார்புரேட்டரின் வெளிப்புறத்தைத் துணியால் ஒற்றி உலர்த்திவிட்டு, டால்கம் பவுடரையோ சாக்பீஸ் தூளையோ மெல்லத் தூவிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் வெள்ளைப் பரப்பில் ஒரு கோடு நனைந்து கறுக்கும். அந்தக் கோட்டின் மேல்நுனிதான் மூலம். வார்ப்பிரும்பின் அடிவயிற்றில் ஓடும் பெட்ரோல் தான் கசிந்த இடத்தில் விழுவதில்லை. எது மிகத் தாழ்ந்த மூலையோ அங்கே போய்த் தொங்கி விழுகிறது. மேலே, தொட்டிக்கு அடியிலுள்ள வண்டல் கிண்ணத்தின் கண்ணாடிக்கும் மூடிக்கும் இடையிலுள்ள கேஸ்கெட்டில் தொடங்கி, குழாய் வழியே இறங்கி, கார்புரேட்டரைச் சுற்றி வந்து, கடைசியில் அதன் கீழ்த் திருகின் நுனியில் சொட்டாகித் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பிரதான ஜெட்டின் சரிசெய் திருகைச் சுற்றியுள்ள பேக்கிங் காய்ந்து போனாலும் கசியும். மேல்வார்ப்பும் கீழ்வார்ப்பும் சேரும் கேஸ்கெட் சுருங்கினாலும் கசியும். இவையெல்லாம் எளியவை. முடுக்கினால், மாற்றினால் நிற்கும். என்னை நிறுத்திவைப்பது உள்ளே இருக்கும் மிதவையும் ஊசியும்தான்.

மாடித் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்கவே வேண்டாம். அளவு ஏறினால் மிதவை ஏறும், ஊசி மேலே போய் நுழைவாயை அடைக்கும். அளவு இறங்கினால் வாய் திறக்கும். தண்ணீர்த் தொட்டியில் ஒரு சாண் முன்பின் இருந்தால் குடி முழுகிப் போகாது. இங்கே கணக்கு கால் அங்குலம். மேல்வார்ப்பைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் கேஸ்கெட்டுக்கும் மிதவைக்கும் நடுவே அந்தக் கால் அங்குலம் இருக்க வேண்டும். சிறு நாக்குபோன்ற தகட்டை நகத்தின் பலத்தில் வளைத்து அதைச் சரிசெய்கிறார்கள். பித்தளை ஊசியின் கூம்பு முனையில் காலப்போக்கில் ஒரு வளையம் தேய்ந்து பள்ளமாகும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தை ஓட்டினால் இடறும். அந்த இடறல்தான் சொட்டு. சில சமயம் தேய்மானம்கூட இருக்காது. தொட்டியின் உள்சுவரிலிருந்து உதிர்ந்த துருத்துகள் ஒன்று, மணலில் பாதி, மூன்று வலைகளையும் தாண்டி வந்து ஊசிக்கும் இருக்கைக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். கார்புரேட்டரின் உடலை ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் லேசாகத் தட்டினால் துகள் நழுவி, சொட்டு நிற்கும். நின்றுவிட்டதே என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இந்தத் தட்டு எனக்குச் சங்கடத்தைத் தருகிறது. அது நோயைச் சொல்கிறது. ஆனால் சொன்ன கையோடு அடையாளத்தையும் அழித்துவிடுகிறது. துகள் எங்கும் போகவில்லை; அறையின் அடியில் கிடக்கிறது; அதன் பின்னால் தொட்டியில் இன்னும் ஆயிரம் துகள்கள்.

மிதவையிடமும் விசாரிக்க வேண்டும். பழைய மிதவைகள் மெல்லிய பித்தளைத் தகட்டில் செய்த காலிக்கூடுகள். பற்றுவைத்த ஓரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் பெட்ரோல் உள்ளே ஊறும். மிதவை கனத்துப்போய்த் தாழும். அறை நிரம்பிவிட்டதை ஊசிக்குச் சொல்லவேண்டியது அதை மறந்துவிடும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே சளக்கென்று கேட்கும். கேட்காவிட்டாலும் நம்பக் கூடாது. சூடான தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து, ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து கொசுமுட்டைபோல் வரிசையாகக் குமிழிகள் எழும். அந்த இடத்தை ஈயம் வைத்து அடைக்கலாம். ஆனால் வைத்த ஈயத்தின் எடையும் மிதவையின்மேல் ஏறிக்கொள்வதால், அடைத்த மிதவை முன்னைவிடச் சற்றுத் தாழவே மிதக்கும். இதையெல்லாம் சரிபார்த்த பிறகும் கசிந்தால், இருக்கை திருகப்பட்டிருக்கும் இடத்தின் அடியிலுள்ள சிறு வாஷரைப் பார்க்க வேண்டும். ஊசி ஒழுங்காக அடைத்துக்கொண்டிருக்க, பெட்ரோல் புரியைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக அறைக்குள் இறங்கும். புது ஊசி, புது இருக்கை, புது மிதவை எல்லாம் போட்டும் சொட்டு நிற்கவில்லை என்று தலையில் கைவைத்து உட்காருபவர்களில் பலருக்கு அந்த வாஷர்தான் காரணம்.

இவ்வளவும் செய்து ஊசி ஒழுங்காகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். என்னை உறுத்திய கேள்வி அப்போதும் அப்படியே நிற்கிறது. இந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் கிடையாது. பத்து கேலன் தொட்டி எஞ்சினுக்கு மேலே, மூடிக்குள் இருக்கிறது. பெட்ரோல் தன் எடையால் இறங்கி வருகிறது. அந்த எடை தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டுகூட இல்லை. ஆனால் அது தூங்குவதில்லை. எஞ்சின் ஓடினாலும் நின்றாலும், வேனிலிலும் பனியிலும், இரவு முழுக்க அது ஊசியின்மேல் சாய்ந்துகொண்டே இருக்கும். ஓடும்போது ஊசிக்கு இது பெரிய வேலையில்லை. அறையில் விழுவதை எஞ்சின் குடித்துக்கொண்டே இருக்கிறது, ஊசி சற்று ஒழுகினாலும் யாருக்கும் தெரியாது. நின்ற பிறகுதான் அதற்குச் சோதனை. அந்தச் சோதனைக்கு அந்த ஊசியைச் செய்தார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதற்காகத் தொட்டியின் அடியில், வண்டல் கிண்ணத்தின் தலையில், கையால் திருகும் ஒரு டேப் வைத்திருக்கிறார்கள். முழுக்க மூடினால் அடைப்பு; இரண்டு சுற்றுத் திறந்தால் தொட்டி; கடைசிவரை திறந்தால் ரிசர்வ். ஓடும்போது காவல் ஊசியுடையது, ஓயும்போது காவல் கையுடையது. வண்டியை விட்டு இறங்கும் மனிதன் குனிந்து டேப்பை மூடுவான் என்பது இந்த எந்திரத்தின் உதிரிபாகங்களில் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கிறது. பாகங்களின் பட்டியலில் அதற்கு எண் இல்லை. அதைத் தபாலில் வரவழைக்க முடியாது. பக்கத்துப் பண்ணைப் பெரியவரின் தகப்பனார் மூடுவாராம். இவர் மூடுவதில்லை. “நாளைக்கும் எடுக்கத்தானே போகிறேன்” என்கிறார். நாளைக்கு மழை வந்துவிடுகிறது. மறுநாள் மறந்துவிடுகிறது. கசிவது ஊசியா, அந்தக் கைக்கும் டேப்புக்கும் இடையில் விட்டுப்போன பழக்கமா என்று யோசிக்கும்போது பழுது எந்திரத்துக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதே எனக்குத் தெளிவாகச் சொல்ல வரவில்லை.

நம் ஊரில் ஸ்கூட்டரும் மொபெட்டும் வைத்திருந்த தலைமுறைக்கு இந்தக் குனிதல் உடம்பில் பதிந்திருந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டைப் போட்டு, அதே மூச்சில் இடக்கையால் பெட்ரோல் டேப்பை மூடுவார்கள். மூட மறந்து உள்ளே போன பையனைத் திண்ணையிலிருந்து தாத்தா கூப்பிடுவார்: “ஏலே, டேப்ப மூடுனியாடா?” மறந்த வண்டியைக் காலையில் எத்தனை உதைத்தாலும் கிளம்பாது. பிளக் நனைந்திருக்கும். பட்டறையில் மெக்கானிக் முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார்: “ஓவர்ஃப்ளோ ஆவுதுண்ணே. ஃப்ளோட்டு பின்னு போயிருக்கும். அதுவரைக்கும் டேப்ப மட்டும் மூடி வைங்க, ஓடும்.” அந்த ‘அதுவரைக்கும்’ வருடக்கணக்கில் நீளும், பின்னும் மாறாது, வண்டியும் நிற்காது, கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். 2020 ஏப்ரல் முதல் தேதி பிஎஸ்-6 விதி வந்த பிறகு அங்கே புதிதாக வரும் இருசக்கர வண்டிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. டேப்பும் போய்விட்டது. சாவியை எடுத்தால் பம்ப் நிற்கிறது. வால்வு தானே மூடிக்கொள்கிறது. நல்லதுதான். வாசலில் பெட்ரோல் வாடை இல்லை. ஆனால் வேலை முடிந்தது என்பதைக் கை அறிந்துகொண்டிருந்த ஒரு அசைவு இல்லாமல் போனது. அதன் இடத்தில் வேறெதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

டிராக்டர் விஷயத்தில் நம் ஊருக்கு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. அங்கே டிராக்டர் என்றாலே டீசல். இத்தனைக்கும் 8N-ம் நம் ஊர் டிராக்டரும் ஒரே குடும்பம். 1938-ல் ஹென்றி ஃபோர்டும் அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசனும் டியர்பார்னில் ஃபோர்டின் பண்ணையில் கைகுலுக்கி ஒரு உடன்பாடு செய்துகொண்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. ஃபெர்குசன் கண்டுபிடித்த மூன்றுமுனை இணைப்பும் ஹைட்ராலிக் தூக்கியும் ஃபோர்டின் வண்டியில் ஏற, 1939-ல் 9N வந்தது. ஃபோர்டு இறந்த 1947-ஆம் ஆண்டிலேயே அந்தக் கைகுலுக்கல் முறிந்து, ஃபெர்குசனின் பங்கு இல்லாமல் 8N வெளியானது. ஃபெர்குசன் 25 கோடியே 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1952-ல் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலரில் சமரசம் ஆனது. அவருடைய நிறுவனம் 1953-ல் மாஸி-ஹாரிஸுடன் இணைந்து, பிறகு மாஸி ஃபெர்குசன் ஆகி, 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே வழியாக நம் வயல்களுக்கு வந்து சேர்ந்தது. மிச்சிகன் களஞ்சியத்தில் 8N-இன் பின்பக்கம் நின்று அந்த மூன்று முனைகளைப் பார்க்கும்போது, சேற்றில் இறங்கும் கேஜ் வீல் டிராக்டரின் பின்பக்கம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. முன்பக்கம்தான் வேறு. டீசல் எஞ்சினில் உறிஞ்சு பக்கத்துக் குழாயில் மயிரிழை விரிசல் விட்டால், டீசல் வெளியே வருவதற்கு முன் காற்று உள்ளே போய்விடும். எஞ்சின் இருமும், திணறும், நடு வயலில் நின்றுவிடும். “ஏர் பிடிச்சிருக்கு” என்பார்கள். திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். அந்தப் பழுது யாரையும் பழகவிடாது. அன்றைக்கே, அங்கேயே, வேலையை நிறுத்திக் கேட்டுவிடும். கார்புரேட்டர் அப்படியில்லை, கசிந்துகொண்டே ஓடும், ஓடிக்கொண்டே கசியும். உழைப்பில் குறை வைக்காத பழுதை நாம் பழுதாகவே எண்ணுவதில்லை. இந்த எண்ணம் டிராக்டரைத் தாண்டி வேறு எங்கெங்கோ போகிறது. நான் கார்புரேட்டரோடே நிற்கிறேன்.

இயல்பு என்ற எல்லை நிலையானதாக இருந்தாலாவது பரவாயில்லை. அதுவும் நகர்ந்திருக்கிறது. 8N புதிதாக இருந்தபோது பெட்ரோல் சொட்டுவது சுத்தக்குறைவு, கொஞ்சம் காசு நட்டம், தீ பற்றினால் ஆபத்து, அவ்வளவே. 1971 மாடல் கார்களிலிருந்து அமெரிக்கா முழுவதும், நிற்கும் வண்டியின் தொட்டியிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் எழும் ஆவியையும் வெளியே விடக்கூடாது என்று விதி வந்தது. கரித்தூள் அடைத்த டப்பா ஒன்று ஆவியைப் பிடித்து வைத்துக்கொண்டு, எஞ்சின் ஓடும்போது திருப்பிக் கொடுத்தது. சொட்டாத, கண்ணுக்கே தெரியாத ஒன்று அன்றைக்குக் கசிவாகிவிட்டது. டிராக்டருக்கு அந்த விதி இல்லை; ஆனாலும் அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கறுத்த மண்ணை முன்போல் பார்க்க முடியவில்லை. அந்த மண்ணுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1920-களிலிருந்து பெட்ரோலில் கலந்து விற்ற ஈயச் சேர்மம் எஞ்சின் தட்டாமல் ஓட உதவியது. அமெரிக்கச் சாலைகளில் அதற்கு முழுத்தடை 1996-ல்தான் வந்தது, இந்தியாவில் 2000-ல், உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. அந்தப் பெட்ரோலைத்தான் இந்த டிராக்டரும் தன் வாழ்நாளின் பெரும்பகுதி குடித்திருக்கும். குடித்தது போகச் சொட்டியிருக்கும். பெட்ரோல் ஆவியாகிவிடும், சில மணி நேரத்தில் தரை உலர்ந்துவிடும். ஈயம் எங்கும் போவதில்லை. மண்ணின் மேல்தோலிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு மாலையும் ஓரிரு சொட்டு, எல்லோரும் இயல்பு என்று ஒப்புக்கொண்ட சொட்டு, இரண்டு தலைமுறைக் காலம் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது. ஒரு சொட்டை வைத்துப் பார்த்தால் இயல்பு. அதே இயல்பைக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பதற்கு என்ன பெயர்? பெரியவரின் பேரக்குழந்தைகள் கோடையில் வரும்போது அந்தக் களஞ்சியத் தரையில்தான் பூனைக்குட்டிகளோடு உட்கார்ந்து விளையாடுகிறார்கள். அந்த இடத்தை மட்டும் மரப்பலகை போட்டு மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை.

சிலர் வேறு வகையில் நிம்மதி தேடுகிறார்கள். சொட்டும் ஓட்டையையே அடைத்துவிடுகிறார்கள். சிலிகான் பசை கொஞ்சம், இல்லாவிட்டால் ஒரு திருகு, தரை உலர்ந்துவிடும். இதைப் பற்றி எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை: செய்யக் கூடாது. வெளியே வர வழியில்லாத பெட்ரோல் காற்றுக்குழாயின் வளைவில் தேங்கும். ரப்பர் ஹோஸை ஊறவைத்து இளகச் செய்யும். ஆவி அந்தக் குழாய் முழுக்க நிறைந்து நிற்கும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு பேக்ஃபயர் வந்தால் தீ பிடிக்க வேறெதுவும் தேவையில்லை. தொட்டி அதற்கு நேர் மேலேதான் இருக்கிறது. தீ பிடிக்காவிட்டாலும், தேங்கிய பெட்ரோல் ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு, சுவரிலிருக்கும் எண்ணெய்ப் பூச்சைக் கழுவி, கீழே எண்ணெயோடு கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தால் பெட்ரோல் அடிக்கும். விரல்களுக்கிடையே தேய்த்தால் எண்ணெய் வழவழப்பின்றித் தண்ணீராக ஓடும். தாங்கிகள் தேய்ந்து எஞ்சின் போன பிறகு, அது ஒரு சின்ன ஓட்டையை அடைத்ததால் வந்தது என்று யாரும் கோத்துப் பார்க்கப் போவதில்லை. வெளியே சொட்டும்படி விட்டவர்கள் ஏதோ முடியாமல் விட்டவர்கள் அல்ல. ஊசி ஒருநாள் தோற்கும் என்று தெரிந்து, தோற்றால் மனிதன் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும்படி தோற்கட்டும் என்று அந்த வாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை இருக்கிறது. பெரியவரின் வண்டியில் அந்த வலை அடைப்பில் எழுபது வருட அழுக்கு இறுகி ஏற்கெனவே பாதி மூடிக்கிடந்தது. குண்டூசியால் குத்திச் சுத்தம் செய்ததும் சொட்டு முன்னைவிட அதிகமானதுபோல் தெரிந்தது. பெரியவர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். கூடியது கசிவு அல்ல, அது வெளியேறும் வழி என்று அவருக்கு விளக்குவதற்குள் மாலை ஆகிவிட்டது.

ஊசியை மாற்றலாம் என்று முடிவானபோது இன்னொரு தடுமாற்றம். இப்போது கிடைக்கும் ஊசிகளில் முனையில் விட்டான் என்ற செயற்கை ரப்பர் வைத்தவை உண்டு. பித்தளைமேல் பித்தளை உட்காருவதைவிட அது நன்றாகப் பொருந்தும். சின்னத் துகளைக்கூடத் தன் மென்மையில் விழுங்கிக்கொண்டு அடைக்கும். இன்றைய பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலையும் தாங்கும். அதே எத்தனால்தான் காற்றின் ஈரத்தை இழுத்துத் தொட்டியைத் துருவேற்றுவதும், பழைய பிசினைக் கரைத்துக் கீழே அனுப்புவதும். அப்படிப்பட்ட ஊசியைப் போட்டால் டேப்பை மூடாமலேயே பல வருடம் ஓட்டலாம். அதுதான் என் தயக்கம். டேப் தேவையே இல்லாதபடி ஊசி வேலை செய்தால், கை தன் பழக்கத்துக்குத் திரும்பவே போவதில்லை. பிறகு ஒருநாள் அந்த ஊசியும் தோற்கும்போது, எப்போதோ விழுந்துகொண்டிருந்த ஒரு சொட்டு அல்ல, பத்து கேலனும் ஓரிரவில் தரைக்கு இறங்கலாம். மாறாக, ஒழுகும் என்று தெரிந்த பழைய ஊசி தினமும் கையைக் கேட்கிறது. ஒரு நல்ல பாகத்தைப் போடாமல் விடுவதற்கு இது காரணமாகுமா? ஆகாது என்றுதான் கடைசியில் எனக்குத் தோன்றியது. தரையில் பூனைக்குட்டிகளோடு விளையாடும் குழந்தைகளை வைத்துக்கொண்டு மனிதனின் பழக்கத்தைத் திருத்தும் பாடம் நடத்தக் கூடாது. விட்டான் ஊசியே போட்டாயிற்று. கால் அங்குலம் அளந்தாயிற்று. வாஷரும் புதிது. டேப்பைத் திறந்துவிட்டு உட்கார்ந்து பார்த்ததில் நிறுத்தியவுடன் விழும் அந்த ஓரிரண்டைத் தவிர வேறு இல்லை.

ஆனாலும் மூடிவிட்டுப் போகலாம் என்று பெரியவரே இந்த முறை குனிந்து டேப்பைத் திருகினார். வருடக்கணக்கில் அசையாத டேப். முதலில் வரவில்லை; பிறகு முனகிக்கொண்டு சுற்றியது. சுற்றி முடித்ததும் அதன் தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங்கிலிருந்து ஈரம் துளிர்த்து, வண்டல் கிண்ணத்தின் கண்ணாடியில் மெதுவாக இறங்கத் தொடங்கியது. உபயோகிக்காமலேயே காய்ந்து போயிருக்கிறது. நட்டைக் கால் சுற்று முடுக்கியதில் குறைந்தது, நிற்கவில்லை. டேப்பை மாற்ற வேண்டுமானால் தொட்டியை வடிக்க வேண்டும். வடிப்பதென்றால் உள்ளே இருக்கும் துருவையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல்மூடியைக் கழற்றித் தொட்டியை வெளியே எடுக்க வேண்டும். பனி விழத் தொடங்குமுன் முடித்தாக வேண்டும், ஏனென்றால் வாசல் பனியை ஒதுக்க அவருக்கு வேறு வண்டி இல்லை. புது டேப்புக்கும் கேஸ்கெட்டுக்கும் சொல்லியிருக்கிறோம். வரும்வரை தொட்டியில் ஒரு கேலனுக்கு மேல் நிரப்ப வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.